ஹெட்போன் பிளக் உடைந்தால் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்போனில் ஒரு பக்கம் நின்றுபோனதும் பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளிருக்கும் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். பிளக்கின் கழுத்தருகே மெல்லிய ஒரு வயர் மட்டும் அறுந்திருக்கும். அதைச் சரிசெய்ய இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு பக்கம் மட்டும்தான் கேட்குது. பிளக்தான் போச்சுன்னு எப்படி உறுதியா சொல்றது?

இதே ஹெட்போனை வேறொரு கருவியிலும், வேறொரு ஹெட்போனை இதே கருவியிலும் செருகிப் பாருங்கள். எதைச் செருகினாலும் அதே கோளாறு என்றால் பழுது ஜாக்கில், அதாவது பிளக் நுழையும் துளையில், இருக்கிறது. சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் ஜாக்கின் அடியில் இறுகிப்போனால் பிளக் முழுதாக உள்ளே போகாது. கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல வழித்தெடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். உள்ளே இருக்கும் தொடுதகடுகள் வளைந்துவிடும்.

பழுது ஹெட்போனில்தான் என்று தெரிந்தால், பாட்டை ஓடவிட்டு வயரை மூன்று இடங்களில் மெதுவாக வளைத்துப் பாருங்கள்: பிளக்கின் கழுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுக் கூட்டுக்குள் நுழையும் இடம். எங்கே வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. காதுப் பக்கம் அசைத்தால்தான் மாற்றம் தெரிகிறது என்றால் பிளக்கை வெட்டுவதில் பயனில்லை. வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை ஹெட்போன் என்றால் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங்கே தேவையில்லை, புது வயர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

என் பிளக்குல ரெண்டு கறுப்புக் கோடு இருக்கு, இன்னொண்ணுல மூணு இருக்கு. என்ன வித்தியாசம்?

கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும் அந்தக் கோடுகள் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் தடுப்புகள். இரண்டு தடுப்பு இருந்தால் உலோகப் பகுதி மூன்று: டிப் என்னும் நுனி, ரிங் என்னும் நடு வளையம், ஸ்லீவ் என்னும் அடிப்பகுதி. இதை டிஆர்எஸ் பிளக் என்பார்கள். நுனி இடது காதுக்கு, வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு, அதாவது மின்சாரம் திரும்பும் வழிக்கு.

மூன்று தடுப்பு இருந்தால் உலோகப் பகுதி நான்கு. அது மைக் உள்ள ஹெட்செட்டுக்கான டிஆர்ஆர்எஸ். நுனி இடது, முதல் வளையம் வலது என்பதில் மாற்றமில்லை. இன்றைய போன்கள் பின்பற்றும் சிடிஐஏ முறையில் இரண்டாவது வளையம் கிரவுண்டு, அடிப்பகுதி மைக். பழைய போன்கள் சிலவற்றில் இருந்த ஓஎம்டிபி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். இந்த இட மாற்றம் பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு வேர் என்பதால் இதை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருக்கு. எதை எங்க வெச்சு அளக்கணும்?

மின்தடையை அளக்கும் 200 ஓம் அளவில் வையுங்கள். ஹெட்போன் எதிலும் செருகியிருக்கக் கூடாது. ஒரு முனையை அடிப்பகுதியிலும் (சிடிஐஏ ஹெட்செட் என்றால் இரண்டாவது வளையத்திலும்) மற்றதை நுனியிலும் வைத்தால் இடது ஸ்பீக்கரின் ஓம் காட்டும். சாதாரண இயர்போன், ஹெட்போன்களில் இது 16 முதல் 32 ஓம் அளவில் இருக்கும். ஸ்டுடியோ ஹெட்போன்களில் 250, 300, 600 கூட உண்டு. அவற்றுக்கு மீட்டரை 2,000 ஓம் அளவுக்கு மாற்றுங்கள். எண் எதுவாயினும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முனையைத் தொடும்போது அந்தக் காதில் "கரக்" என்று ஒலி வந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

32 ஓம் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒன்றும் காட்டாமல், வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே 32 காட்டினால் இடது வயர் அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றும் காட்டாமல், நுனிக்கும் வளையத்துக்கும் இடையே மட்டும் 64 காட்டினால் கிரவுண்டு அறுந்திருக்கிறது. 0 அல்லது 1 ஓம் காட்டினால் ஏதோ இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரியில் ஓடும், இரைச்சல் குறைக்கும் வகை ஹெட்போன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் வயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகாமல் உள்ளிருக்கும் சர்க்யூட்டுக்குப் போவதால் ஆயிரக்கணக்கான ஓம் காட்டலாம்.

சரிபண்ண என்னென்ன வாங்கணும்?

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. முனை ஊசிபோல் கூராக இல்லாமல் 1.5 முதல் 2 மி.மீ. அகலத்தில் தட்டையாக இருந்தால் சூடு நன்றாக இறங்கும். சால்டர் கம்பி 0.6 அல்லது 0.8 மி.மீ. கனத்தில், உள்ளே ரோஸின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ளது. 63/37 வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகிச் சட்டென்று உறைவதால் புதியவர்களுக்கு ஏற்றது. தண்ணீர்க் குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸைத் தொடவே வேண்டாம். மெல்லிய வயரை அது நாளடைவில் அரித்துவிடும். கூடவே கட்டர், கூர்மையான பிளேடு, நுண்ணிய இடுக்கி, ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழல்), மல்டிமீட்டர்.

பிளக் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பழையதில் எத்தனை கோடு இருந்ததோ அத்தனை கோடு. பின்புறத் துளை உங்கள் வயர் நுழையும் அளவு. பல பிளக்குகள் 4 மி.மீ. அல்லது 6 மி.மீ. வயருக்கானவை, மெல்லிய இயர்போன் வயர் அதில் ஆடும். மூன்றாவது, மூடியின் பருமன். போன் உறையின் துளைக்குள் அது நுழைய வேண்டும், இல்லையென்றால் பிளக் முழுதாக உட்காராது. போனைச் சட்டைப் பையில் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கு எல் வடிவப் பிளக் நல்லது, வயர் மேல் வளைவு விழாது. முதல் முறை செய்பவர்களுக்கு நேர் பிளக்கே எளிது, உள்ளே கை போக இடம் இருக்கும்.

பழைய பிளக்கையே பிரிச்சு உள்ள ஒட்டிட முடியாதா?

திருகிக் கழற்றும் மூடி இருந்தால் முடியும். வார்த்தெடுத்த ரப்பர் பிளக் என்றால் முடியாது. ரப்பரைச் சீவினால் உள்ளே நுணுக்கமான தகடுகளும் அவற்றைத் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக்கும்தான் இருக்கும். சூடு பட்டதும் அது இளகிவிடும். ஒட்டினாலும் திரும்ப மூட வழியில்லை.

ஆனால் வெட்டிய பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு அதைவிட நம்பகமான வரைபடம் கிடையாது. பிளக்கோடு 2 செ.மீ. வயரை விட்டு வெட்டுங்கள். ஹெட்போன் பக்கம் இன்னும் 2, 3 செ.மீ. கழித்துவிடுங்கள், கழுத்தருகே அடிக்கடி வளைந்த வயர் உள்ளுக்குள் நைந்திருக்கும்.

வயருக்குள்ள பச்சை, சிவப்பு, செம்பு நிறம்னு வருது. எது எங்க போகும்?

பெரும்பாலும் சிவப்பு வலது. பச்சை, நீலம், வெள்ளை இவற்றில் ஒன்று இடது. பூச்சு நிறமில்லாமல் செம்பாகவே தெரிவது கிரவுண்டு. காதுக்கு ஒரு கிரவுண்டு என்று இரண்டு வந்தால் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கலாம். மைக் வயரின் நிறத்துக்கு எந்த ஒழுங்கும் இல்லை. ஆகவே நிறத்தை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு அளந்து உறுதிசெய்யுங்கள்.

அளப்பதற்குப் பழைய பிளக்கில் விட்டுவைத்த 2 செ.மீ. வயரின் முனைகளைச் சுத்தம்செய்து, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஒவ்வொரு வயரும் பிளக்கின் எந்தப் பகுதியோடு பீப் அடிக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுந்த வயர் மட்டும் பீப் அடிக்காது. மற்றவை தெரிந்ததும் அது எதுவென்று தானே விளங்கும்.

பழைய பிளக் இல்லையென்றால் ஹெட்போன் பக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வயர் மற்ற இரண்டோடும் தனித்தனியே 32 காட்டி, அந்த இரண்டும் தமக்குள் 64 காட்டினால், முதலாவது கிரவுண்டு. எந்தக் காதில் கரகர ஒலி வருகிறது என்று கேட்டு இடது வலது பிரிக்கலாம். அப்போது இயர்போனைக் காதுக்குள் வைக்காமல் அருகில் பிடியுங்கள். மைக் வயர் கிரவுண்டோடு 1,000 ஓம் அல்லது அதற்கு மேல் காட்டும், அழைப்பு எடுக்கும் பட்டனை அழுத்தினால் 0-க்கு அருகே இறங்கும். அந்த இறக்கம் தெரிந்தால் அதுதான் மைக்.

வயர்ல ஈயமே ஒட்ட மாட்டேங்குது, உருண்டு உருண்டு விழுது. ஏன்?

வீட்டில் செய்யும் பழுதுகள் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். ஹெட்போன் வயரின் ஒவ்வொரு இழைக்கும் நிறத்துக்காகவும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்காகவும் எனாமல் பூசியிருப்பார்கள். பார்க்க வெறும் செம்புபோல் இருக்கும் கிரவுண்டு வயரிலும் நிறமற்ற பூச்சு இருக்கலாம். பூச்சு இருக்கும்வரை ஈயமும் ஒட்டாது, மின்சாரமும் கடத்தாது. போதாக்குறைக்கு, இழைகளோடு பருத்தி, நைலான் அல்லது அறுபடாத ஒருவகைச் செயற்கை நூல் கலந்திருக்கும்.

முதலில் முனையை லேசாகப் பிரித்து நூலை இடுக்கியால் விலக்குங்கள். இழைகளைத் திரும்ப முறுக்குங்கள். அயர்னை 350 முதல் 380 டிகிரிக்குச் சூடாக்கி, முனையில் புதிய ஈயத்தை ஒரு சொட்டு நிறுத்தி, அந்தச் சொட்டுக்குள் வயரின் கடைசி 3, 4 மி.மீ. மட்டும் மூழ்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று நொடியில் பூச்சு கருகிப் புகை வரும், ஈயம் வயர் மேல் வெள்ளிபோல் ஏறும். ஏறாவிட்டால் முனையில் படிந்த கருப்பைத் துடைத்துவிட்டுப் புதுச் சொட்டோடு திரும்பச் செய்யுங்கள். எரிந்த எனாமலை அகற்றுவதில் ஃப்ளக்ஸுக்கும் பங்குண்டு. முனையில் வெகுநேரம் கிடந்த ஈயத்தில் ஃப்ளக்ஸ் ஆவியாகியிருக்கும், அதனால்தான் புதுச் சொட்டு. இந்தப் புகையை மூக்கருகே விடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

லைட்டரில் காட்டி எரிப்பது பலருக்குத் தெரிந்த வழி. ஒரு நொடிக்கு மேல் போனால் செம்பு கறுத்து உடையக்கூடியதாகிவிடும், கறுத்த செம்பில் ஈயம் ஏறாது. 400 எண் உப்புத்தாளை மடித்து, இடையில் வயரை வைத்து மெல்ல இழுப்பது அதைவிடப் பத்திரமானது. ஆனால் உள் இழைகளில் பூச்சு மிஞ்சும், ஆகவே அதற்குப் பிறகும் சொட்டில் ஒருமுறை மூழ்க வையுங்கள்.

சரி, வயர் ரெடி. எந்த வரிசைல சால்டர் பண்றது?

அயர்னைத் தொடும் முன் பிளக்கின் மூடி, ஸ்பிரிங் இருந்தால் அது, ஹீட் ஷ்ரிங்க் துண்டு எல்லாவற்றையும் வயரில் கோர்த்துவிடுங்கள், திருகு மரை பிளக்கைப் பார்க்கும்படி. எல்லாம் ஒட்டி முடித்த பிறகு மூடி மேசையில் கிடப்பதைப் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு; அப்போது ஒட்டியதைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

வெளி உறையை 12 முதல் 15 மி.மீ. நீக்குங்கள். பிளக்கின் பின்புறத்தில் உள்ள ஒவ்வொரு தகடும் முன்புறத்தின் எந்தப் பகுதி என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், வரிசையை ஊகிக்க வேண்டாம். தகடுகளில் முதலில் தனியாக ஒரு சிறு பொட்டு ஈயம் வையுங்கள், வயர் முனைகளில் ஏற்கெனவே ஈயம் இருக்கிறது. இப்போது இரண்டையும் சேர்த்து அயர்னை ஒரு நொடி தொட்டாலே ஒன்றாகிவிடும். உள்ளே ஆழத்தில் இருக்கும் சிறு தகடுகளை முதலில் முடியுங்கள், வயரைப் பிடிக்கும் நகங்களோடு நீளமாக வரும் தகட்டைக் கடைசியில். ஈயம் உறையும்வரை கை அசையக் கூடாது. அசைந்தால் பற்று மங்கலாக, மணல்மணலாகத் தெரியும். அப்படிப்பட்ட பற்று இன்று வேலை செய்து நாளை விடும், ஃப்ளக்ஸ் தொட்டுத் திரும்ப உருக்கிவிடுங்கள்.

நான்கு பகுதிப் பிளக்கில் ஒரு பொறி இருக்கிறது. நீளமான தகடு என்றால் கிரவுண்டு என்று மூன்று பகுதிப் பிளக்கில் பழகிய கை, இங்கேயும் கிரவுண்டை அங்கேயே வைத்துவிடும். மேலே சொன்ன சிடிஐஏ முறையில் நீளத் தகடு மைக்; கிரவுண்டு உள்ளே இருக்கும் இரண்டாவது வளையத்தின் தகட்டுக்குப் போக வேண்டும்.

சூடு வெச்சதும் பிளக்கோட நுனி ஆடுது, கோணலாயிடுச்சு. காப்பாத்த முடியுமா?

முடியாது, வேறு பிளக்தான். உள்ளே தடுப்பாக இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிட்டது. நேராக்கி வைத்தாலும் உள்ளுக்குள் இரண்டு பகுதிகள் தொட்டுக்கொண்டிருக்கலாம், ஜாக்குக்குள் போய் நுனி முறியவும் கூடும். மலிவான பிளக்குகளில் இது எளிதாக நடக்கும் என்பதால் இரண்டாக வாங்கி வைப்பது நல்லது.

அடுத்ததில் இதைத் தவிர்க்க, சால்டர் செய்யும்போது பிளக்கை ஏதாவது ஒரு பழைய பெண் ஜாக்கில் செருகி வையுங்கள், வேறெதனோடும் இணைக்கப்படாத ஜாக். அது பகுதிகளை நேர்வரிசையில் பிடித்துக்கொள்ளும், சூட்டையும் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் மரத்துண்டில் 3.5 மி.மீ. துளையிட்டு அதில் நிறுத்தலாம். ஒரு தகட்டில் 2 நொடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். ஒட்டவில்லை என்றால் எடுத்துவிட்டு, ஆறவிட்டு, திரும்ப முயலுங்கள்.

ஒட்டி முடிச்ச ரெண்டு மாசத்துல அதே இடத்துல திரும்ப அறுந்துடுது. என்ன செய்றது?

வயரின் இழுவையைச் சால்டர் பற்று தாங்குகிறது, அதுதான் காரணம். ஈயம் மின்சாரத்தைக் கடத்தத்தான். இழுவையைத் தாங்க அது ஆகாது. ஈயம் ஏறிய வயர் விறைப்பாகிவிடுவதால், ஈயம் முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வளைவும் குவிந்து அங்கேயே முறியும்.

பிளக்கின் பின்னால் இருக்கும் இரண்டு நகங்களும் வயரின் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் வயர்களை அல்ல. இயர்போன் வயர் மெல்லியது என்றால், உறையின் மேல் 8 மி.மீ. நீள ஹீட் ஷ்ரிங்க் ஒன்றிரண்டு அடுக்கு ஏற்றிப் பருமனாக்கிய பிறகு நகங்களை மூக்குக் குறட்டால் மூடுங்கள். கவ்வட்டும், ஆனால் உறையை வெட்டக் கூடாது. உள் வயர்களில் ஒன்றிரண்டு மி.மீ. தளர்ச்சி விடுங்கள். முன்னால் விலக்கிவைத்த நூலை வெட்டி எறியாமல் நகங்களைச் சுற்றி முடிச்சுப் போட்டால் இழுவையை அது வாங்கிக்கொள்ளும். அந்த நூல் வயருக்குள் வைக்கப்படுவதே இதற்காகத்தான்.

மூடியை மாட்டிய பிறகு, வயர் வெளியே வரும் இடத்தில் 25 முதல் 30 மி.மீ. நீளத்துக்கு ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அதன் மேல் அதைவிட நீளம் குறைந்த இன்னொன்று போடுங்கள். விறைப்பு படிப்படியாகக் குறைந்தால் வளைவு ஒரே புள்ளியில் விழாது. மூடிக்குள் எபாக்சி என்னும் கெட்டியாக இறுகும் பசையை ஊற்றி நிரப்புவதும் உண்டு, பலமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை பிரிக்கவே முடியாது. குளூ கன் பசை போதுமானது, வேண்டும்போது சூடாக்கி எடுக்கலாம்.

அயர்ன் இல்ல. முறுக்கி டேப் சுத்தினா ஆகாதா?

எனாமல் இருக்கும் வயரை முறுக்கினால் ஆகாது. பூச்சை உப்புத்தாளால் நீக்கிவிட்டு முறுக்கினால் சில நாள் பேசும், பிறகு செம்பு கறுத்து இரைச்சல் தொடங்கும்.

திருகி இறுக்கும் வகை 3.5 மி.மீ. பிளக் கிடைக்கிறது, வயரைத் துளையில் விட்டு ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். தடித்த வயருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மெல்லிய வயரை இரண்டு மூன்றாக மடித்து வைத்தால்தான் ஸ்க்ரூ பிடிக்கும். பிளக் பெரிதாக இருக்கும் என்பதால் கணினியோடு ஒரே இடத்தில் இருக்கும் ஹெட்போனுக்குச் சரி, பையில் போட்டுச் சுற்றும் இயர்போனுக்குச் சரிவராது.

வேற பழைய இயர்போனோட பிளக்கை வயரோட வெட்டி இதுல சேர்க்கலாமா?

தாராளமாக. பிளக்கின் உள்ளே சால்டர் செய்வதைவிட இது எளிது, பிளாஸ்டிக் இளகும் பயமில்லை. கழுத்துப் பாதுகாப்பும் தொழிற்சாலையில் செய்ததாக இருக்கும். இரண்டு பக்க நிறங்களும் ஒத்துப்போகும் என்று நம்பாமல், நிறம் பற்றிய பதிலில் சொன்னபடி இரண்டையும் அளந்துகொள்ளுங்கள்.

மூன்று வயர்களையும் ஒரே இடத்தில் இணைக்காமல் ஒவ்வொன்றையும் 8 முதல் 10 மி.மீ. தள்ளித் தள்ளி வெட்டி இணையுங்கள். அப்போது இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராது, தடிப்பும் குறையும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெல்லிய ஹீட் ஷ்ரிங்க், எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று பெரிதாக.

சரிபண்ணிட்டேன், இசை கேட்குது, ஆனா பாடறவங்க குரல் மட்டும் காணோம். எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு.

கிரவுண்டு இணையவில்லை. இடதும் வலதும் கிரவுண்டு வழியாகத் திரும்ப முடியாமல் ஒன்றின் வழியே மற்றதுக்குப் போகின்றன. அப்போது இரண்டு பக்கமும் உள்ள வேறுபாடு மட்டும்தான் ஒலிக்கும். குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவுசெய்வதால் அது கழிந்துவிடுகிறது. மல்டிமீட்டர் பதிலில் சொன்ன 64 ஓம் அடையாளத்தை இங்கே பாருங்கள்.

மைக் உள்ள ஹெட்செட்டில் இதே அறிகுறி என்றால், அழைப்புப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் திரும்பி வந்தால் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. பட்டன் அந்த இரண்டையும் இணைப்பதால்தான் அப்போது சரியாகிறது. நீங்கள் மாற்றி ஒட்டியிருக்கலாம், அல்லது ஹெட்செட் பழைய ஓஎம்டிபி முறையாக இருக்கலாம். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே, கடைசி இரண்டு வயர்களையும் இடம் மாற்றுவது.

பாட்டு தானா நிக்குது, தானா ஓடுது. சில நேரம் வால்யூமும் மாறுது. போன் கெட்டுப்போச்சா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. மைக்குக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் போன் பட்டன்களை அறிகிறது. ஆண்ட்ராய்டு ஹெட்செட் வரையறையில் 70 ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டு அல்லது நிறுத்து, 210 முதல் 290 வரை ஒலியைக் கூட்டு, 360 முதல் 680 வரை குறை. உங்கள் பிளக்குக்குள் அந்த இரண்டும் எங்கோ உரசுகின்றன.

பெரும்பாலும் குற்றவாளி உலோக மூடி. அது அடிப்பகுதியோடு, அதாவது மைக்கோடு, இணைந்திருக்கிறது. இரண்டாவது வளையத் தகட்டில் ஈயம் புடைத்துக்கொண்டு மூடியின் உட்புறத்தைத் தொட்டால் போன் அதைப் பட்டன் அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். புடைப்பைக் குறைத்து, தகடுகளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழலோ காப்பு நாடாவோ வைத்து மூடுங்கள். பிளக்கோடு அந்தக் குழல் வந்திருந்தால் அதைத் தவறாமல் மாட்டுங்கள். மூடியை இறுக்குவதற்கு முன் ஒருமுறை, இறுக்கிய பின் ஒருமுறை அளப்பது இதற்காகத்தான்.

எல்லாம் கேட்குது, ஆனா பேஸ் சுத்தமா இல்ல.

காதுக்கு ஒரு கிரவுண்டு என்று நான்கு வயர் வரும் ஹெட்போனில், ஒரு பக்கத்தின் சிக்னலும் கிரவுண்டும் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தால் இப்படி ஆகும். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இசை நடுவில் நிற்காமல் சிதறும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டுங்கள். இயர்போனில் காது ரப்பர் சரியாக அடைக்காவிட்டாலும் பேஸ் போகும், அயர்னைச் சூடாக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இடம் வலம் பிரியாமல் இரண்டு காதிலும் ஒன்றே கேட்டால், நுனியும் வளையமும் உள்ளே ஒட்டியிருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு என்றால் அந்தப் பக்கத்துப் பற்றில் எனாமல் மிஞ்சியிருக்கும். இரண்டு பக்க ஓமையும் ஒப்பிட்டால் தெரியும்.

பிளக்கோட நுனி முறிஞ்சு போனுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. எப்படி எடுக்கறது?

முதலில் போனை அணையுங்கள். முறிந்த துண்டை, அதன் நுனியிலுள்ள பள்ளத்தில் ஜாக்கின் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே குலுக்கினால் வராது. இடுக்கியால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும்.

ஜாக்குக்குள் தாராளமாக நுழையும் மெல்லிய குச்சியின் முனையைச் சமமாக வெட்டி, அதன் நடுவில் மட்டும் எபாக்சி பசையைக் கடுகளவு வையுங்கள். ஜாக் மேலே பார்க்காதபடி போனைப் பக்கவாட்டில் பிடித்து, சுவரில் படாமல் குச்சியை நேராக நுழைத்து, துண்டின் முகத்தில் அழுத்தி, பசைக்குரிய நேரம் முழுதும் அசையாமல் வைத்திருந்து, பிறகு நேராக இழுங்கள். தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூ இதற்கு ஆகவே ஆகாது. அது ஸ்பிரிங்குகளுக்குள் வழிந்துபோய் ஜாக்கையே ஒட்டிவிடும். இரண்டு முறையில் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, போனைத் திறந்து ஜாக்கை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வயரைச் சீவினா உள்ள செம்பு பச்சையா இருக்கு. அதுலயே சால்டர் பண்ணலாமா?

வியர்வையும் ஈரமும் உறைக்குள் புகுந்து செம்பை அரித்ததால் வந்த பச்சை. அதில் ஈயம் ஏறாது. ஏறினாலும் பக்கத்திலேயே முறியும். 2 செ.மீ. 2 செ.மீ. ஆக வெட்டிக்கொண்டே போய்ப் பளபளக்கும் செம்பு வரும் இடத்தில் நில்லுங்கள். அரை மீட்டர் போயும் பச்சைதான் என்றால் முழு வயரையும் மாற்ற வேண்டும். உறை தெளிவாக இருக்கும் வயரில் எனாமலின் பச்சை நிறத்தை அரிப்பு என்று மயங்காதீர்கள். இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் அடியில் செம்பு மின்னும்.

யுஎஸ்பி-சி பிளக் உள்ள ஹெட்போனுக்கும் இதே முறைதானா?

இல்லை. அந்தப் பிளக்குகள் பலவற்றுக்குள் டிஜிட்டல் சிக்னலை ஒலியாக மாற்றும் சிறு சர்க்யூட் இருக்கும். புதுப் பிளக்கில் நான்கு வயரை ஒட்டினால் அது வேலை செய்யாது. பிளக் மட்டும் உடைந்து ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் சுற்றுவழி ஒன்று உண்டு: பிளக்கை வெட்டிவிட்டு 3.5 மி.மீ. பிளக் ஒட்டி, யுஎஸ்பி-சி மாற்றி ஒன்றில் செருகிப் பயன்படுத்துங்கள். வெட்டும் முன் வயருக்குள் ஸ்பீக்கர் வயர்கள்தான் வருகின்றனவா என்று தெரிந்தாக வேண்டும். பட்டன் பெட்டி நடுவில் தடிமனாக இருந்தால் சர்க்யூட் அங்கே இருக்கலாம். அப்போது வெட்ட வேண்டிய இடம் அந்தப் பெட்டிக்கும் காதுக்கும் நடுவே. பட்டனும் மைக்கும் போய்விடும், பாட்டு மட்டும் கேட்கும்.

இரண்டு காதுக்கும் பொதுக் கிரவுண்டு இல்லாத 4.4 மி.மீ. பேலன்ஸ்டு பிளக்குக்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தாது. அதில் ஐந்து பகுதிகள். இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு என்று தனித்தனி இணைகள், கடைசி அடிப்பகுதி கிரவுண்டு. இதில் இரண்டு காதின் எதிர் (மைனஸ்) முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. அப்படிச் சேர்த்த ஹெட்போனை பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அதன் வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதி ஆம்ப்ளிஃபயர் பழுதாகலாம்.